நிரலாக்கச் சூழல்களின் ஆக்க வேகமும் கோப்பின் பருமனும்: மலையகப் பாடசாலைகள் கேட்க வேண்டிய கேள்வி

மலையகப் பாடசாலைகளின் கணினிக் கல்வி பற்றிப் பேசப்படும்போதெல்லாம் எத்தனை கணினிகள் கிடைத்தன, அவற்றில் எத்தனை பழுதடைந்து கிடக்கின்றன, கற்பிப்பதற்கு ஆசிரியர் உண்டா என்னும் மூன்று கேள்விகளே முன்வைக்கப்படுகின்றன. இவை நியாயமான கேள்விகள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கணினியும் ஆசிரியரும் கிடைத்த பின்னர் எழ வேண்டிய நான்காவது கேள்வியொன்று உண்டு. அது பெரும்பாலும் எவராலும் கேட்கப்படுவதில்லை. அந்தக் கணினியில் எந்த நிரலாக்கச் சூழல் நிறுவப்படுகின்றது என்பதே அக்கேள்வியாகும். நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப்புறப் பாடசாலையொன்றில் பயிலும் பிள்ளை ஒரு பாடவேளையில் எத்தனை தடவைகள் முயன்று, பிழை கண்டு, திருத்திக்கொள்ள முடியும் என்பதை இதுவே தீர்மானிக்கின்றது.

நிரலாக்கச் சூழல் எனப்படுவது நிரலை எழுதும் பதிப்பி, அதனை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி (கம்பைலர்), மாற்றிய துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் இணைப்பி, பிழை தேடும் கருவி ஆகியன ஒரே கூரையின் கீழ் அமைந்த மென்பொருளாகும். மாணவர் எழுதிய மூலநிரல் இக்கருவிகளின் ஊடாகச் சென்று இயங்கு கோப்பாக வெளிவரும் செயல்முறையை இங்கு ஆக்கம் எனக் குறிப்பிடுகின்றோம். அதற்குச் செல்லும் காலம் ஆக்க நேரம். வெளிவரும் கோப்பின் பருமன் மற்றைய அளவு. சூழல்களை ஒப்பிடுவோர் முதலில் பார்ப்பவை இவ்விரண்டையுமே.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்த எமது வாசகர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதிக்க விடப்பட்டு, உலர்த்தப்பட்டு, சலிக்கப்பட்ட பின்னரே தூளாகின்றது. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நான்கரை முதல் ஐந்து கிலோ வரையான பச்சைக் கொழுந்து தேவைப்படும். மென்பொருளிலோ நிலைமை தலைகீழ். அங்கு ஒரு பிடிக் கொழுந்தைப் போட்டால் ஒரு மூட்டைத் தூள் வெளிவருகின்றது. பத்து வரி நிரலிலிருந்து பத்து மெகாபைட் கோப்பு பிறப்பது இன்று எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை.

ஆக்க நேரத்தை முதலில் நோக்குவோம். ஒரு பாடவேளை நாற்பது நிமிடங்கள் எனக் கொள்வோம். ஒரு தடவை ஆக்கம் செய்வதற்கு மூன்று நிமிடங்களும், வந்த பிழையை வாசித்துத் திருத்துவதற்கு ஒரு நிமிடமும் செல்லுமாயின் அப்பாடவேளையில் பத்து முயற்சிகளே சாத்தியமாகும். ஆக்கத்திற்கு இரண்டு விநாடிகளே செல்லுமாயின் அதே நாற்பது நிமிடங்களில் முப்பத்தெட்டு முயற்சிகள் வரை செய்யலாம். கணினியொன்றின் முன்னால் மூன்று பிள்ளைகள் அமர்ந்திருப்பார்களாயின் முதலாவது நிலையில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது மூன்று முயற்சிகள். இரண்டாவது நிலையில் பன்னிரண்டுக்கும் மேல். நிரலாக்கம் பிழை விட்டுத் திருத்துவதன் மூலமே கற்கப்படுவது. ஆகவே இவ்வேறுபாடு வெறும் வசதி பற்றியதன்று. வீட்டில் கணினி உள்ள நகரத்து மாணவர் இழந்த முயற்சிகளை மாலையில் ஈடுசெய்துகொள்வார். லயத்துக்குத் திரும்பும் பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிடங்களே அவ்வாரத்தின் முழுக் கணக்காகவும் இருக்கக்கூடும்.

இவ்விடயத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய முன்மாதிரியொன்று எம்முன் உள்ளது. சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த் 1970 ஆம் ஆண்டு வெளியிட்ட பாஸ்கல் மொழி, மாணவர்களுக்குக் கற்பிப்பதையே நோக்காகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. எமது நாட்டில் க.பொ.த. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் நீண்டகாலம் கற்பிக்கப்பட்டு வந்துள்ளதும் இம்மொழியே. 1983 ஆம் ஆண்டு நவம்பரில் போர்லாண்ட் நிறுவனம் அதற்கென டர்போ பாஸ்கல் என்னும் சூழலை 49.95 டொலர் விலையில் சந்தைக்கு விட்டது. ஏனைய தொகுப்பிகள் பல நூறு டொலர்களுக்கு விற்கப்பட்ட காலம் அது. டென்மார்க்கைச் சேர்ந்த அண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் எழுதிய அத்தொகுப்பியின் 3.02 ஆம் பதிப்பில் பதிப்பியும் தொகுப்பியும் அடங்கிய கோப்பின் முழுப் பருமன் 39,731 பைட்கள் மாத்திரமே. இன்றைய கையடக்கத் தொலைபேசியில் எடுக்கப்படும் ஒரேயொரு புகைப்படம் இதனைப் போல் பல மடங்கு பெரியது.

அதன் வேகத்திற்கு மாயமந்திரம் எதுவும் காரணமாக இருக்கவில்லை. அக்காலத்தில் பதிப்பி ஒரு மென்பொருள், தொகுப்பி இன்னொன்று, இணைப்பி மற்றொன்று என இருந்தன. ஒவ்வொன்றையும் நெகிழ்வட்டிலிருந்து ஏற்றி, இடைநிலைக் கோப்புகளை மீண்டும் வட்டில் எழுதி, அடுத்ததை ஏற்றுவதிலேயே நேரம் கரைந்தது. டர்போ பாஸ்கல் அனைத்தையும் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டது. மூலநிரலை ஒரே தடவை மேலிருந்து கீழாக வாசித்து நேரே இயந்திர மொழியாக்கியது. முதற் பிழையைக் கண்டதும் நின்று, பிழையுள்ள இடத்திலேயே நிலைகாட்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. கற்கும் மாணவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

விர்த் தம் ஆய்வுகூடத்தில் கடைப்பிடித்த விதியொன்றும் இங்கு குறிப்பிடத்தக்கது. அவருடைய தொகுப்பிகள் தம் மொழியிலேயே எழுதப்பட்டவை. ஆகவே ஒரு தொகுப்பி தன்னைத்தானே தொகுத்துக்கொள்ள எடுக்கும் நேரத்தை அவர் உரைகல்லாகக் கொண்டார். புதிதாகச் சேர்க்கப்படும் ஒரு வசதி அந்நேரத்தைக் கூட்டுமாயின் அவ்வசதி நிராகரிக்கப்பட்டது என அவரது மாணவர் மைக்கல் பிரான்ஸ் பதிவு செய்துள்ளார். 1995 இல் மெலிந்த மென்பொருளுக்காக வாதாடும் கட்டுரையொன்றையும் எழுதிய விர்த் 2024 ஜனவரி முதலாம் திகதி காலமானார். வன்பொருள் வளர வளர மென்பொருள் அதைவிட வேகமாகப் பருத்துப் போகின்றது என்னும் அவரது ஆதங்கத்தின் பொருளை, பழைய கணினிகளுடன் மல்லுக்கட்டும் எமது பாடசாலை ஆசிரியர்களைவிட நன்கு அறிந்தவர் இருக்க முடியாது.

ஆக்கம் மெதுவாவது பழைய கணினியில் மாத்திரம் நிகழ்வதென எண்ணிவிடலாகாது. கூகிள் நிறுவனத்தில் 2007 இல் சி பிளஸ் பிளஸ் மொழியிலான ஒரு பெரிய நிரலை ஆக்கம் செய்தபோது, பல கணினிகள் பங்கிட்டு வேலை செய்தும் 45 நிமிடங்கள் சென்றதாக அந்நிறுவனப் பொறியியலாளர் ரொப் பைக் 2012 இல் விவரித்துள்ளார். அந்நிரலின் மூலக் கோப்புகளைச் சேர்த்தால் 4.2 மெகாபைட் மாத்திரமே. அவை உள்ளே இழுத்துக்கொள்ளும் தலைப்புக் கோப்புகளை எல்லாம் விரித்தால் 8 ஜிகாபைட்டுக்கும் மேல். ஒரே தலைப்புக் கோப்பை ஒவ்வொரு மூலக் கோப்புக்காகவும் மீண்டும் மீண்டும் வாசிக்க வேண்டியிருந்ததே இதற்குக் காரணமாகும். இச்சலிப்பே கோ என்னும் புதிய மொழிக்கு வித்திட்டது. 2009 நவம்பரில் வெளியான அம்மொழியை வடிவமைத்த மூவரில் ஒருவரான ரொபர்ட் கிரீசமர், விர்த் பணியாற்றிய அதே சூரிச் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்.

டர்போ பாஸ்கலின் ஹெயில்ஸ்பெர்க் பின்னர் மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் இணைந்து சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளின் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கினார். டைப்ஸ்கிரிப்டின் தொகுப்பி அம்மொழியிலேயே எழுதப்பட்டிருந்தமையால் பெரிய நிரல்களில் தள்ளாடியது. 2025 மார்ச்சில் அதனைக் கோ மொழிக்கு மாற்றி எழுதும் பணியை அவர் அறிவித்தபோது, ஏறத்தாழ 15 இலட்சம் வரிகள் கொண்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் நிரலைச் சோதிக்கும் நேரம் 77.8 விநாடிகளிலிருந்து 7.5 விநாடிகளாகக் குறைந்தமை காட்டப்பட்டது. உலகின் மிகச் செல்வந்த நிறுவனங்களே எழுபது விநாடிகளை மிச்சப்படுத்துவதற்காகத் தொகுப்பியை முழுமையாகத் திருப்பி எழுதுகின்றன. அவ்வாறிருக்க, எமது பிள்ளைகளின் நிமிடங்களை மாத்திரம் நாம் கணக்கில் எடுக்காதிருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

இனி விளைகோப்பின் பருமன். இங்குதான் ஒப்பீடுகள் பெரும்பாலும் வழுக்கி விழுகின்றன. கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடைக்கும் ஈரத்துக்குமெனக் கிலோக்கள் கழிக்கப்படுவது தொடர்பான முறைப்பாடு தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ளது. அங்கு உள்ளதை விடக் கூடுதலாகக் கழிக்கப்படுவதே குறை. மென்பொருளை நிறுக்கும்போதோ சாக்கின் எடையைச் சிலர் சேர்த்து நிறுக்கின்றனர், சிலர் வெளியே வைத்துவிட்டு நிறுக்கின்றனர். பைதன் நிரலொன்று சில கிலோபைட்களே எனப் பெருமைப்படுவோர், அதனை இயக்குவதற்குப் பயனரின் கணினியிலும் பைதன் நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பதைக் கூறுவதில்லை. டொட்நெட் சூழலிலும் இதே கதைதான். அதன் இயக்கத்தளம் ஏற்கனவே நிறுவப்பட்டுள்ள கணினிக்கு அனுப்பும் கோப்பு சிறிது. இயக்கத்தளத்தையும் உடன் கட்டி அனுப்பினால் பல பத்து மெகாபைட்கள். நேரடி இயந்திர மொழியாக முன்கூட்டியே தொகுக்கும் வழி அண்மைக்காலப் பதிப்புகளில் வந்துள்ளது. அவ்வழியில் 2023 இல் வெளியான எட்டாம் பதிப்பின் மிக எளிய நிரல் 2 மெகாபைட்டுக்கும் குறைவாக அமைகின்றது. இணைய உலாவியொன்றையே உள்ளே வைத்துக் கட்டும் எலக்ட்ரோன் முறையிலோ வெறும் வணக்கம் கூறும் நிரலும் நூறு மெகாபைட்டைத் தாண்டுவது வழக்கம்.

வேகமான தொகுப்பி சிறிய கோப்பையே தரும் என்பதும் ஒரு மயக்கம். கோ மொழி வேகமாகத் தொகுக்கும். ஆனால் நினைவக முகாமை முதலான இயக்க உதவிகள் அனைத்தையும் கோப்பினுள் வைத்துக் கட்டுவதனால் ஒரு வரி நிரலும் ஓரிரு மெகாபைட் ஆகின்றது. மறுபுறம், கோப்பைச் சுருக்கவும் ஓட்டத்தை விரைவாக்கவும் தொகுப்பியை ஏவினால் ஆக்க நேரம் கூடும். ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெற வேண்டியுள்ளது. வகுப்பறைக்கு வேகம் முக்கியம். மக்களிடம் கொண்டுசேர்க்கும் செயலிக்குப் பருமன் முக்கியம் என்பதே எமது கருத்தாகும்.

லசாரஸ் என்னும் இலவசச் சூழலைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் அடிக்கடி எழுப்பும் ஐயமொன்றுக்கு இங்கு விடை கூற வேண்டும். புளோரியன் கிளெம்ப்ஃபிள் 1993 இல் தொடங்கிய ஃப்ரீ பாஸ்கல் தொகுப்பியை அடித்தளமாகக் கொண்டு 1999 முதல் வளர்ந்து வந்ததே லசாரஸ். ஒரு பொத்தான் மாத்திரம் கொண்ட சாளரத்தை அதில் ஆக்கம் செய்தால் பத்து மெகாபைட்டுக்கும் மேற்பட்ட கோப்பு வெளிவருவதைக் கண்டு திகைப்போர் பலர். அப்பருமனின் பெரும்பகுதி நிரல் அன்று, பிழை தேடும் கருவிக்கான குறிப்புகளே. திட்டத் தெரிவுகளில் அக்குறிப்புகளை நீக்கும்படி பணித்து, பயன்படாத பகுதிகளை விட்டுவிட்டு இணைக்கும்படியும் கூறினால் அதே கோப்பு சில மெகாபைட்களாகச் சுருங்கிவிடும். தேயிலையைச் சலித்துக் காம்பை நீக்காமல் நிறுத்துவிட்டு எடை கூடிவிட்டது என்பதைப் போன்றதே இந்த முறைப்பாடு. யூபிஎக்ஸ் போன்ற சுருக்கிகளைக் கொண்டு மேலும் அமுக்குவோரும் உளர். அதனை நாம் பரிந்துரைக்கமாட்டோம். கோப்பு திறக்கும்போது மீண்டும் விரிவதனால் நினைவகத்தில் மிச்சம் எதுவும் இல்லை. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் அத்தகைய கோப்புகளைச் சந்தேகிப்பதும் உண்டு.

கையடக்கத் தொலைபேசிச் செயலிகளில் பருமனுக்கு நேரடியான விலை உண்டு. செயலியின் பருமன் ஒவ்வொரு 6 மெகாபைட் கூடும்போதும் அதனை நிறுவுவோர் விகிதம் ஒரு வீதத்தால் குறைகின்றது என கூகிள் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. மலையகத்து நிலைமையில் இதனை எளிய கணக்காகவும் பார்க்கலாம். விநாடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைக்கும் இடமொன்றில் 60 மெகாபைட் செயலியைத் தரவிறக்க நான்கு நிமிடங்கள் செல்லும். 6 மெகாபைட் செயலிக்கு 24 விநாடிகள் போதும். அலைவரிசை அறுந்து அறுந்து வரும் பள்ளத்தாக்குத் தோட்டமொன்றில் நான்கு நிமிடங்கள் என்பது பலவேளைகளில் முடிவுறாத தரவிறக்கத்தையே குறிக்கும். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது அலைவரிசை தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நாடே கண்டது. ஃப்ளட்டர் கொண்டு செய்யப்படும் மிகச் சிறிய அண்ட்ரொய்ட் செயலியின் தரவிறக்கப் பருமன் 2021 மார்ச்சில் 4.3 முதல் 4.8 மெகாபைட் வரை என அதனை உருவாக்கியோரே அளந்து வெளியிட்டனர். அடித்தளம் இவ்வளவு சிறிதாயின், அதன் மேல் எழும் செயலி அறுபதாகப் பெருப்பது பெரும்பாலும் படங்களாலும் தேவையற்ற நூலகங்களாலுமே.

தமிழ் சேர்ப்பதனால் செயலி கனத்துவிடுகின்றது எனக் கூறி ஆங்கிலத்தில் மாத்திரம் செயலி வெளியிடுவோரும் உளர். யூனிகோட் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்களைப் பிடிக்கின்றது என்பது உண்மை. 'வணக்கம்' என்னும் சொல் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடுகள், ஆக 21 பைட்கள். எனினும் பத்தாயிரம் குறியீடுகள் கொண்ட முழுச் செயலியின் தமிழ் வாசகங்களும் 30 கிலோபைட் அளவிலேயே அடங்கிவிடும். முகப்பில் வைக்கப்படும் அலங்காரப் படமொன்று அதனைவிடப் பெரிதாக இருக்கும். தமிழ், முஸ்லிம் பெற்றோர் வாசிக்கக்கூடிய மொழியை விலக்குவதற்குப் பருமன் ஒரு காரணமாகாது.

அளக்க விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் சில விடயங்களைக் கவனத்திற்கொள்ள வேண்டும். ஒரே நிரலை, ஒரே கணினியில், ஏனைய மென்பொருள்களை மூடிவிட்டு ஆக்கம் செய்தல் வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் செய்யும் முழு ஆக்கம் வேறு. ஒரு வரியை மாற்றிவிட்டுச் செய்யும் பகுதி ஆக்கம் வேறு. மாணவர் நாள்தோறும் சந்திப்பது இரண்டாவதையே என்பதால் அதற்கே முதலிடம் அளிக்கப்பட வேண்டும். கணினியைத் திறந்தவுடன் நடைபெறும் முதல் ஆக்கம் எப்போதும் மெதுவாகவே இருக்கும். அதனைத் தனியே குறித்துவிட்டு, பின்னர் ஐந்து தடவைகள் அளந்து நடுவில் வரும் எண்ணைக் கொள்ளலாம். ஒரு சூழலின் பரீட்சார்த்த ஆக்கத்தை இன்னொன்றின் வெளியீட்டு ஆக்கத்துடன் ஒப்பிடுவது அறவே தவறு. கோப்பைப் பயனருக்கு அனுப்பும்போது அதனுடன் வேறு எவற்றை அனுப்ப வேண்டுமோ அவற்றையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

கணினியின் நிலையும் முடிவை மாற்றிவிடும். நினைவகம் போதாத கணினி வன்வட்டை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கியதும் விநாடிகள் நிமிடங்களாகின்றன. சுழலும் வன்வட்டுக்குப் பதிலாகத் திண்மநிலை வட்டொன்றைப் பொருத்துவது, புதிய கணினிக்கான செலவின் ஒரு சிறுபகுதியில் பழைய கணினிக்கு உயிரூட்டக்கூடிய வழியாகும். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் ஒவ்வொரு இடைநிலைக் கோப்பையும் சோதிப்பதும் தாமதத்துக்குக் காரணமாகும். ஆனால் பென் டிரைவ்கள் கைமாறும் கணினி அறையில் அதனை நிறுத்திவிடுவது ஆபத்து. ஆக்கக் கோப்புகள் உள்ள கோப்புறைக்கு மாத்திரம் விலக்களிப்பது போதுமானது.

எதனைத் தெரிவு செய்வது? அண்ட்ரொய்ட் ஸ்டூடியோவுக்கு 8 ஜிகாபைட் நினைவகம் குறைந்தபட்சத் தேவையென அதன் தயாரிப்பாளர்களே கூறுகின்றனர். தொலைபேசிப் போலியையும் இயக்குவதாயின் 16. அத்தோடு முதல் ஆக்கத்தின்போது தேவையான நூலகங்களை இணையத்திலிருந்து அது இறக்கிக்கொள்ளும். டொங்கிள் ஒன்றை நம்பியுள்ள பாடசாலையில் முதற்பாடம் அத்துடன் முடிந்துவிடும். 4 ஜிகாபைட்டும் அதற்குக் குறைவும் உள்ள கணினிகளில் அதனை நிறுவுவது பிள்ளைகளுக்குச் செய்யும் உதவியாகாது. அத்தகைய கணினிகளுக்கு, பழைய டர்போ பாஸ்கலின் நீலத்திரையை ஒத்த ஃப்ரீ பாஸ்கல் சூழலே தகுதியானது. உயர்தர மாணவர்களின் பைதன் பாடத்திற்கு, ஆக்கம் என்றொரு படியே தென்படாத ஐடில் அல்லது எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்க மாணவர்களுக்கென உருவாக்கப்பட்ட தொன்னி போதும். சாளரங்கள் கொண்ட மென்பொருள் செய்ய விரும்புவோர் லசாரஸுக்குச் செல்லலாம். தொலைபேசிச் செயலியே வேண்டுமாயின், ஆக்கம் முழுவதையும் தொலைவிலுள்ள சேவையகத்தில் செய்து தரும் எம்ஐடி அப் இன்வென்டர் உண்டு. எனினும் அதற்கு இணையம் இடையறாது இருக்க வேண்டும்; மின்சாரமும் இருக்க வேண்டும். 2022 மார்ச் 31 ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்துண்டிப்பு நடைமுறைப்படுத்தப்பட்டபோது, காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் கரையில் வாழ்ந்தோரும் இருளிலேயே இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடவில்லை.

பாடசாலை ஒவ்வொன்றும் தனித்தனியே இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை. மேற்கூறிய ஃப்ரீ பாஸ்கல், லசாரஸ், பைதன், தொன்னி ஆகியன இலவசமாகப் பகிர அனுமதிக்கப்பட்டவை. அவற்றின் நிறுவற் கோப்புகள் அனைத்தும் ஒரு சாதாரண பென் டிரைவில் அடங்கிவிடும். ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த ஆகிய ஐந்து வலயக் கல்விப் பணிமனைகளும் அத்தகைய பிரதியொன்றை வைத்திருந்து, கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கு வருடத்திற்கொரு தடவை புதுப்பித்து வழங்கலாம். அப்பிரதியுடன் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பொன்றும் சேர்க்கப்படுதல் நன்று. எந்த நினைவகத்துக்கு எந்தச் சூழல், லசாரஸில் பிழை தேடும் குறிப்புகளை நீக்கும் தெரிவு எங்குள்ளது, அடிக்கடி வரும் இருபது ஆங்கிலப் பிழைச் செய்திகளின் பொருள் என்ன என்பன அதில் இடம்பெறலாம்.